சின்னம்மா யாருடைய தங்கை?

வாய்மொழிக் கதைசொல்லல் என்ற பாடத்தை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பாடம் படித்தவள் என்று தெரிந்தால் போதும், தொட்டிலிலேயே கதை சொல்லத் துடித்தவள் மாதிரி என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நடந்தது என்னவென்றால், பாடங்களுக்குப் பதியும் நாள் காலையில் கிள்ளான் பண்டமாரானில் எங்கள் வீட்டு இணையம் செத்துப்போனது. அது உயிர் பிழைத்து வருவதற்குள் மொழிபெயர்ப்பு, விளம்பர எழுத்து, இதழியல் எல்லாவற்றிலும் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இறுதியாண்டு வேறு. எடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. எடுத்துத் தொலைத்தேன்.

வகுப்பு வெள்ளிக்கிழமை பிற்பகல். கிள்ளானில் கொமூட்டர் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, இன்னொரு ரயில் மாறி, அதற்குப் பிறகு பல்கலைக்கழக பஸ்ஸுக்குக் காத்திருந்து போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் மூன்றாம் மாடியில் கடைசி அறை. திறக்க முடியாத ஜன்னல்கள். யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாத ஏர்கான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். கைப்பேசி, நோட்டு, பேனா மூன்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பதினான்கு பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். வட்டத்தில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. ஒளிந்துகொள்ளத் தெரிந்த எனக்கு அது ஒரு பெரிய இடி.

எங்கள் விரிவுரையாளருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு வட்டத்துக்குள் நடப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வந்து இங்க ஒப்பிக்கிற வேலை வேணாம். வாயால சொல்ற கதைக்கு ஒரிஜினல் காப்பின்னு ஒன்னு கிடையாது. நேத்து சொன்னது நேத்தோட போச்சு. இன்னிக்குச் சொல்றது இன்னிக்கு." எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாழ்க்கையில் பாதி, கவுண்டர்களில் நின்று "ஒரிஜினல் காப்பி இருக்கா?" என்ற கேள்விக்குத் தலையை ஆட்டியே கழிந்திருந்தது.

அதை விளக்க வேண்டும். என் அம்மாவின் ஐசி சிவப்பு. மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். இல்லாதவர்களுக்கு: குடிமக்களின் அடையாள அட்டை நீலம், இங்கே தங்கலாம் ஆனால் குடிமகன் இல்லை என்பவர்களின் அட்டை சிவப்பு. அம்மா இந்த நாட்டில்தான் பிறந்தார். இந்த நாட்டை விட்டு வெளியே ஒரு அடி வைத்தது கிடையாது. பிறந்ததற்கான பத்திரம் இல்லை, அவ்வளவுதான். தேர்தல் நாளன்று எங்கள் வீட்டு வரிசை முழுக்க விரலில் மையோடு திரும்பி வருவார்கள். அன்றைக்கு மட்டும் அம்மா வாசல் பக்கமே வரமாட்டார். பின்கட்டில் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டுபவர். அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளாகப் பார்த்து அவருக்கு டிரிப் வந்துவிடும். அதனால் அம்மாவோடு கவுண்டருக்குப் போவதும் அவர் கதையைச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது.

அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. ஆனால் அலுவலகத்தில் கால் வைத்தால் பேச்சும் போய்விடும். பையை மடியில் அணைத்துக்கொண்டு, நம்பர் காட்டும் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்படி ஆரம்பித்ததுதான். எனக்குப் பன்னிரண்டு வயதில் முதல் ஐசி எடுக்கப் போனோம். எனக்கு நீல அட்டைக்குக் கைநாட்டு எடுத்து முடித்ததும், அம்மா தன் சிவப்பு அட்டையை மெதுவாக எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இதை மாற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னார். எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அதிகாரி, அம்மாவை வளர்த்தது யார் என்று கேட்டார். அம்மா தமிழில் என்னிடம் சொல்ல, நான் மலாயில் அவரிடம் சொன்னேன். அவர் தட்டச்சு செய்தார், அம்மா கையெழுத்துப் போட்டார். இவ்வளவுதான் நடந்தது. பிறகு விண்ணப்பம் போட்டோம், முடிவு தெரியவில்லை, மறுபடி போனோம், மறுபடியும் நான் சொன்னேன். பத்து வருடம்.

ஆகவே கதைசொல்லல் வகுப்பில் நான் மட்டும் பயப்படாமல் நின்றதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் நரியும் ராஜாவும் தேடி நூலகத்துக்குப் போனார்கள். 'வீட்டுக் கதை ஒன்னு கொண்டு வாங்க' என்று சார் சொன்னபோது என்னிடம் கதை கைவசம் இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார் எல்லாம் எனக்கு அத்துபடி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கதை சொல்பவருக்கு நேர் எதிரே ஒருவர் உட்கார்ந்து 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' கொட்டுபவருக்கு ஒரே ஒரு உரிமை: கதையின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்கலாம். சொல்பவர் கதையை விட்டு வெளியே வராமல் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'தெரியாது' என்ற வார்த்தை அந்த வட்டத்துக்குள் செல்லாது. யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொல்லக்கூடாது. சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்பதைவிட, பதின்மூன்று பேர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் கொடுமை.

நான் சொன்னேன். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஒருத்திக்கு ஏழாவதாக ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தையின் அப்பா அதற்கு முன்பே போனவர், போனவர்தான். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள். யாரோ கை காட்டிவிடுகிறார்கள். தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், அவளும் கொடுக்கிறாள். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்கிறாள்: "அம்மான்னு மட்டும் கூப்பிட வைக்காதீங்க. அது எனக்கு இருக்கட்டும்." வந்தவள் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறாள். குழந்தை பேச ஆரம்பித்ததும் தன்னைச் 'சின்னம்மா' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுக்கிறாள். கடைசிவரை அந்த வீட்டில் சின்னம்மாதான். அம்மா என்று ஒருவர் அங்கே கிடையாது.

எனக்கு எதிரே உட்கார்ந்து 'ம்' கொட்டியவள் சுங்கை பூலோவிலிருந்து வருபவள். எதையும் நோண்டிக் கேட்கும் சுபாவம். அவள் கையைத் தூக்கினாள்.

"சின்னம்மான்னா யாரோட தங்கச்சி? பெத்தவங்களோட தங்கச்சியா?"

சின்னம்மா யாருடைய தங்கையும் இல்லை. அது ஒரு வாக்கைக் காப்பாற்ற வைத்த பெயர். இதைத்தான் இப்போது சொல்லி முடித்தேன், இவளுக்குக் காது எங்கே போனது என்று எரிச்சல் வந்தது. அடுத்த நொடியே அந்தப் பழைய அறை ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வயதில் அந்த அறையில் உட்கார்ந்து, வளர்த்தது யார் என்ற கேள்விக்கு நான் என்ன சொன்னேன்? அம்மா "சின்னம்மா" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் உறவுமுறைப் பட்டியலை மனப்பாடம் செய்திருந்தேன். சின்னம்மா என்றால் எமாக் சௌடாரா. அம்மாவின் தங்கை. பட்டியலில் அதற்கு நேராக அப்படித்தான் போட்டிருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். 'எமாக் சௌடாரா' என்றுதான் அதிகாரியிடம் சொன்னேன். எமாக் அங்காட், வளர்ப்புத் தாய், என்ற வார்த்தை எனக்கு அப்போது தெரியாது.

அதனால்தான் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதங்கள். இரண்டு தடவை வந்தன. பெற்றவளும் வளர்த்தவளும் உடன்பிறந்தவர்கள் என்பதற்குச் சான்று கொண்டு வரச் சொல்லி. நானேதான் வாசித்தேன். எதற்கு இப்படிச் சம்பந்தமில்லாமல் கேட்கிறார்கள் என்று நானேதான் திட்டினேன். எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. இல்லாத அக்காள் தங்கைக்குப் பத்திரம் எங்கே போய்த் தேடுவது? சின்னம்மா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். கோப்பு அப்படியே படுத்துவிட்டது. படுக்க வைத்தது நான்.

இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் தலைக்குள் ஓடியது. வட்டத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்.

"ஆமா," என்றேன். "கூடப் பொறந்த தங்கச்சிதான்."

சொன்ன பிறகு அது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. அக்காள் ஏழு பிள்ளை பெற்றாள், தங்கைக்கு ஒன்றும் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒரு குழந்தைக்கு இரு பக்கமும் நிற்கிறார்கள். தங்கையின் கையில் ஒரு பிஸ்கட் டின், அதில் குழந்தைத் துணி. டின் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நான் முடித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். சார் எழுந்து வந்து, "இது வேற லெவல்," என்றார். "பிரிக்ஃபீல்ட்ஸ் நிகழ்ச்சிக்கு இதையே வச்சுக்கோ."

பருவ முடிவில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் எங்கள் வகுப்பு கதை சொல்ல வேண்டும். அதுதான் தேர்வு. அன்று ரயிலில் வீடு வரும் வழியெல்லாம் எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று சுபாங் ஜெயா வரைக்கும் நினைத்தேன். ஷா ஆலம் வரும்போது, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். கிள்ளானில் இறங்கும்போது பசிக்கிறது என்று மட்டும் நினைத்தேன். அம்மா தட்டில் சோறு போட்டு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நேர்காணல். இந்த முறை விண்ணப்பதாரரே மலாயில் பதில் சொல்ல வேண்டும், உடன் வருபவர் பேசக்கூடாது. அம்மா அதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது குறைவு. "இந்தத் தடவ கெடச்சிரும் போலருக்குலா," என்றார். அன்று மாலையே பக்கத்து வீட்டு ஆன்டியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. கோப்பில் இருப்பது எமாக் சௌடாரா. அம்மா போய் உண்மையைச் சொன்னால், பத்து வருடமாகச் சொன்னது பொய்யா என்று கேட்பார்கள். கோப்பில் இருப்பதையே சொன்னால், சான்று எங்கே என்பார்கள். இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். அந்தச் சுவர் இரண்டையும் கட்டியவள் நான். வகுப்பில் கதை ஒவ்வொரு முறையும் மாற வேண்டும், மாறாவிட்டால் அது செத்த கதை என்றார்கள். அலுவலகத்தில் ஒரு சொல் மாறினால் விண்ணப்பம் செத்துவிடும். வெள்ளிக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்து 'மாத்திச் சொல்லு, மாத்திச் சொல்லு' என்று சார் கையை ஆட்டும்போதெல்லாம் எழுந்து ஓடலாமா என்று இருக்கும்.

கடைசியில் நான் எடுத்த முடிவு ஒரு கோழையின் முடிவு. கோப்பில் உள்ளபடியே சொல்லிவிடுவோம். பெற்றவளின் தங்கை வளர்த்தாள். சான்று தொலைந்துபோனது, தோட்டத்து ஆபீஸோடு போய்விட்டது. அம்மா தடுமாறாமல் சொன்னால் நம்புவார்கள். தடுமாறாமல் சொல்ல வைப்பது எப்படி என்றுதானே பருவம் முழுக்கப் படிக்கிறேன்.

அப்படி ஆரம்பித்தது எங்கள் குசினி வகுப்பு. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவார். குளித்துவிட்டுக் காய் நறுக்க உட்காரும்போது நான் எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன்.

"கதைய ஒரு வீடு மாதிரி நினைச்சுக்கணும்மா. வாசல்ல நுழையிறீங்க. தோட்டம், கோயில், திருவிழா. அப்புறம் நடு ரூம்புல சின்னம்மா."

"வீட்டுக்கு எத்தன ரூம்பு?"

"மா, வெளையாடாதீங்க."

அம்மா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். எல்லாம் ஒரே சுருதியில், மூச்சு விடாமல். எனக்கு ஆத்திரம் வரும். ஒப்பிக்காதீங்க, சொல்லுங்க என்று கத்துவேன். ஒரு வார்த்தை முன்பின் ஆனால் முதலிலிருந்து சொல்ல வைப்பேன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்த பெண்மணி, வளர்த்தவள் பெற்றவளின் தங்கை என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை சொன்னார். அதற்கும் மேலே போய், அந்தப் பிஸ்கட் டின்னையும் அவர் தலையில் கட்டினேன். கையில் ஒரு பொருள் இருந்தால் கேட்பவர் நம்புவார் என்று சார் சொல்லியிருந்தார். அம்மா டின்னை நினைவில் வைக்கவே மிகவும் சிரமப்பட்டார்.

ஒரு நாள் அரிசி களையும்போது திரும்பாமலே கேட்டார்.

"அவங்க எங்கம்மா கூடப் பொறந்தவங்கன்னே சொல்லணுமா?"

"ஆமாம்மா. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"ஃபைல்ல எப்படி வந்துச்சு?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

"யாருக்குத் தெரியும்," என்றேன். "ஆபீஸ்ல மாத்தி எழுதியிருப்பாங்க."

அம்மா குழாயை மூடினார். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, எங்கே விட்டோம், கோயிலா, என்றார். நான் செய்ததிலேயே அசிங்கமான காரியம் அதுதான். முதலில் சொன்னது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தப்பு. இது என் தப்பு.

பிரிக்ஃபீல்ட்ஸ் நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. நேர்காணல் அதற்கு அடுத்த புதன்கிழமை. அம்மாவுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம், வர முடியவில்லை. வராததில் எனக்கு நிம்மதி. மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். அக்காளையும் தங்கையையும் வைத்து நான் அழகாகச் சொன்னேன். பொய் சொல்வதில் இவ்வளவு கை தேர்ந்திருக்கிறேனே என்று சொல்லும்போதே எனக்குத் தோன்றியது. முடிந்ததும் கேட்க வந்திருந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டிலும் இப்படித்தான், தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுத்த பிள்ளை உண்டு என்று அழுதார். நான் அவருக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு சார் தூரத்தில் நின்றார். வெளியே வந்து பூமாலைக் கடைகளைத் தாண்டி சென்ட்ரலுக்கு நடந்தபோது, அந்த அக்கா இன்னும் என் கையை விடாத மாதிரியே இருந்தது. அவர் இதைத் தன் வீட்டில் போய்ச் சொல்வார். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். இனி அதை நான் திருத்தவே முடியாது.

புதன்கிழமை அம்மா ஒரு கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டார். ரயிலில் போகும்போதே உதடு அசைந்துகொண்டிருந்தது. எங்கள் நம்பர் வந்ததும் ஒரு சிறிய அறைக்குள் விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் தூடோங் முக்காடு அணிந்த ஒரு பெண் அதிகாரி. முன்னே தடித்த கோப்பு. எனக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி காட்டி, பேசக்கூடாது என்று மரியாதையாகவே சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் முதுகும் கொண்டையும்தான்.

பெயர், முகவரி, வேலை. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் மெல்லியதாக இருந்தாலும் நிற்கவில்லை. நாட்டுப்பண் பாடத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார், அம்மா பாதி பாடினார். பிறகு அதிகாரி ஒரு பழைய தாளைப் புரட்டி, சிறு வயதில் உங்களை வளர்த்தது உங்கள் எமாக் சௌடாராதானே என்று மலாயில் கேட்டார். நான் மனதுக்குள் கதையின் வாசலைத் திறந்துவிட்டேன். தோட்டம், கோயில், திருவிழா. போங்கம்மா, நுழையுங்க.

அம்மா பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"புக்கான், புவான்," என்றார். இல்லை, மேடம். "புக்கான் எமாக் சௌடாரா. ஓராங் லாயின்." சித்தி இல்லை, வேறு ஆள்.

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி நிமிர்ந்தார். முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் அப்படித்தானே இருக்கிறது, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். அதட்டவில்லை, கேட்டார். அந்தத் தாளில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. சொன்னது என் வாய். எழுந்து நின்று நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. பருவம் முழுக்க வாயால் பிழைத்தவள், என் வாய் திறக்கவில்லை. பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சாயா," என்றார் அம்மா. நான். "டுலு சாயா சாலா சாக்காப்." அப்போது நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவராகவே சொன்னார். வீடும் இல்லை, அறையும் இல்லை, டின்னும் இல்லை. உடைந்த பாசார் மலாய், சந்தைப் பேச்சு. என்னைப் பெற்றவங்க முகம் தெரியாது. கொடுத்துட்டாங்க. வாங்கினவங்க நல்லா வளர்த்தாங்க. அம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு பேச்சு, அதனால கூப்பிடல. பேப்பர் இல்ல. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். சில இடங்களில் வார்த்தை கிடைக்காமல் கையால் காட்டினார். அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு புதிய வாக்குமூலமாக எழுதிக்கொண்டு, முன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் இருப்பதால் மேலிடம் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்றார். நாள் ஆகலாம் என்றார். அம்மா தெரிமா காசே என்று நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் ஆகிறது. பதில் வரவில்லை. அம்மாவின் ஐசி இன்னும் சிவப்புதான். நான் அந்தப் பாடத்தில் ஏ வாங்கினேன், இப்போது ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதுகிறேன். கதை யாருக்கும் சொல்வதில்லை.

அன்று திரும்பி வரும்போது கொமூட்டரில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. அம்மா சப்பாத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு உட்கார்ந்தார். நான் அவர் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா நீங்க சொன்னதா சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? பன்னெண்டு வயசுப் பிள்ள சொல்லுச்சுன்னா சொல்ல முடியும்?"

"தெரியுமா உங்களுக்கு? எப்ப தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். எத்தன வருஷமா மலாய்க்காரப் பொம்பளைங்க கூட வேல செய்றேன். எமாக் சௌடாரான்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அப்பவே தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பத்து வருஷம்மா. இத்தன தடவ அலைஞ்சிருக்கோம்." என் குரல் உயர்ந்துவிட்டது. எதிரே இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். செய்ததையும் செய்துவிட்டு அவரிடமே கோபப்படுகிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். கோபம் ஒன்றும் இல்லை.

"அந்த ஆபீசர் உன்னப் பாத்து, எவ்ளோ பண்டாய், எவ்ளோ கெட்டிக்காரி உங்க மகள்னு சொன்னாருடி. உனக்கு சந்தோஷம் தாங்கல. என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்ச. அந்த நேரத்துல நடுவுல பூந்து தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

ரயில் எங்கேயோ நின்று புறப்பட்டது. அந்த நாளில் ஆரம்பித்த கதையை எத்தனை கவுண்டர்களில் சொல்லியிருக்கிறேன். அந்த அறையின் காற்றாடி, மேசைக் கண்ணாடியில் இருந்த விரிசல், அதிகாரியின் விரல் மோதிரம், எல்லாம் இப்போது கேட்டாலும் சொல்வேன். நான் சிரித்தது மட்டும் எனக்கு ஞாபகமே இல்லை.